இலையின் இடப்பக்கம்

எழுத்துப் பலகையின் கடைசி வரிவரைக்கும் ஒருவர் படித்துவிட்டால், ‘பார்வை நன்று’ என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். தில்லை நகர் கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற அந்த இருட்டு அறையில் உட்கார்ந்து நானும் எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். வெளியே பெஞ்சு கொள்ளாமல் கூட்டம். மணச்சநல்லூரிலிருந்து வந்தவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பார். யாருக்குத்தான் நின்று நிதானமாக யோசிக்கத் தோன்றும்?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி திட்டாகத்தான் இருக்கும். ஒருமுறை என் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, “எத்தனை எழுத்து விட்டாங்கன்னு எண்ணத் தெரியுது. எந்த இடத்துல விட்டாங்கன்னு பாத்தியா?” என்று கேட்டார். “போ, போய்ப் பாரு,” என்றார். அவ்வளவுதான் பாடம். அதன் அருமை எனக்குப் புரிய ரொம்ப காலம் ஆயிற்று.

நம் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சின்ன இடம் குருடு என்பதைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் காட்சியே விழுவதில்லை. ஆனால் யாருக்காவது உலகத்தில் ஓட்டை தெரிகிறதா? சுற்றியிருக்கும் சுவரின் நிறத்தை எடுத்து மூளை அங்கே பூசிவிடுகிறது. நம்மைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. செய்துவிட்டுச் சொல்வதும் இல்லை. படித்த காலத்தில் இதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். ரங்கராஜன் மாமாவைப் பார்த்த பிறகு அது எனக்கு வேடிக்கையாக இல்லை.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண், மடித்த குடையைக் கொடிபோலப் பிடித்திருப்பார். கூடவே மருமகள் செல்வி வந்திருந்தாள். முசிறிப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவுக்கு அங்கே வாழைத்தோட்டம். இந்த இரண்டு குடும்பங்களும் எப்படிச் சம்பந்தம் ஆயின என்று நான் கேட்கவில்லை. மகன் காதலித்துக் கட்டிக்கொண்டான் என்பது பார்த்தாலே தெரிந்தது. மாமனாரும் மருமகளும் ஒரே ஸ்கூட்டரில் வந்திறங்கினார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

“பேப்பர் படிச்சா அர்த்தமே வரமாட்டேங்கறது,” என்றார் மாமா. “முன்னெல்லாம் நன்னா எழுதிண்டிருந்தான். இப்போ எழுதறவனுக்கே தமிழ் தெரியலை. ஒருவேளை என் கண்ணாடி பவர்தான் மாறிடுத்தோ என்னமோ, பாருங்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்துவிட்டுப் பத்திரிகைக்காரர் மேல் பழி போடுகிறாரே என்று நினைத்தேன்.

“கண் பரிசோதனை நேக்குப் புதுசில்லை. கார்டுக்குக் கண் சரியா இல்லேன்னா வண்டியிலயே ஏத்த மாட்டான்,” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பலகையைக் காட்டினேன். கணீரென்று படித்தார். அடியில் இருக்கும் குட்டி எழுத்துக்களைக்கூடத் தடங்கலே இல்லாமல் சொன்னார். ஒவ்வொரு வரியிலும் ஓரிரு எழுத்து மட்டும் விட்டுப்போயிற்று. அவர் படித்த வேகத்துக்கு அது பெரிய விஷயமில்லை. கண்புரை இல்லை, கண்ணில் அழுத்தம் அதிகமில்லை, பழைய கண்ணாடியின் பவரே போதும். ‘பார்வை நன்று’ என்று எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பெரிய டாக்டரின் அந்தத் திட்டு ஞாபகம் வந்தது. விட்ட எழுத்துக்களைப் பலகையில் தேடினேன். எல்லாமே வரியின் தொடக்கத்தில் இருந்தன. மேல் வரியிலும் அப்படி, கீழ் வரியிலும் அப்படி.

“மாமா, மூணாவது வரியை முதல் எழுத்திலேருந்து படிங்க.”

“அதைத்தானே படிச்சேன்?” என்று சொல்லிவிட்டு, மறுபடி முதல் இரண்டு எழுத்தை விட்டுவிட்டே ஆரம்பித்தார்.

எதிரில் உட்கார்ந்து என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு வலப்பக்கம் என் விரலை ஆட்டினேன். “தெரியறது.” இடப்பக்கம் ஆட்டினேன். கொஞ்சம் தயங்கினாலும், “தெரியறது,” என்றார். பிறகு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஆட்டினேன்.

“வலது பக்கம்,” என்றார்.

“இடது?”

“அதை நீங்க ஆட்டலையே.”

தனியாக ஆட்டினால் தெரிகிற விரல், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், வலப்பக்கம் ஒரு துணை வந்ததும் இல்லாமல் போகிறது. கண் அதைப் பிடித்துவிட்டது. நரம்பு உள்ளே கொண்டுபோயும் சேர்த்துவிட்டது. உள்ளே இருப்பதுதான் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு கண்களிலும் விழுகிற இடப்பாதிக் காட்சி மூளையின் வலப்பக்கத்துக்குப் போகிறது என்று நாம் படம் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாதாம். ‘இங்கே ஒன்று இருக்கிறது’ என்று அங்கே யாரோ திரும்பிப் பார்க்க வேண்டுமாம். அந்த யாரோ மாமாவிடம் விடுப்பில் போய்விட்டார்.

இதைப் பற்றிப் பாடத்தில் ஒரு சின்ன பத்தி வரும், படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன். அதில் இருந்த ஒரு விஷயத்தை நான் நம்பியதே இல்லை. அன்றைக்குச் சோதித்துப் பார்க்கத் துணிந்தேன்.

“மாமா, கண்ணை மூடிக்குங்க. உங்க வீடு எந்தத் தெரு?”

“கிழக்குச் சித்திரை வீதி. பொறந்ததே அங்கதான்.”

“நீங்க தெருவோட தென்கோடியில நிக்கறீங்க. வடக்கே பாத்து நடக்கறீங்க. வழியில என்னென்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க.”

கண்ணை மூடிக்கொண்டே முகம் மலர்ந்தார். ஒரு பூக்கடை, அதையடுத்து காபிப்பொடி அரைக்கிற கடை, ஒரு தையற்காரர், வாசலில் பவழமல்லி இருக்கிற வீடு, மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வடகோடிக்கு வந்துவிட்டார். ஒன்றுக்கும் தடுமாறவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே காபிப்பொடி வாசனை வந்தது.

பக்கத்தில் நின்றிருந்த செல்வி மெதுவாகக் கேட்டாள்: “மாமா, நம்ம வீடு?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றி சுருங்கியது. “நம்மாம்... நம்மாம் அந்தத் தெருதானே?” என்று இழுத்தார்.

“சரி, இப்ப வடகோடியிலேருந்து திரும்பித் தெற்கே நடங்க,” என்றேன்.

நடந்தார். இப்போது சொன்னதெல்லாம் எதிர்வரிசை. சைக்கிள் கடை, வேதம் படித்த வாத்தியார் வீடு, பிறகு, “இதோ நம்மாம்! வாசல்ல குழந்தையோட மூணு சக்கர சைக்கிள் நிக்கறது,” என்று குதூகலித்தார். பூக்கடையையும் காபிப்பொடிக் கடையையும் இந்த முறை சொல்லவே இல்லை. தெருவே வலப்பக்கம் மட்டும் வைத்துக் கட்டியது போல இருந்தது.

நினைத்துப் பாருங்கள். மூடிய கண்ணுக்குள்ளே என்ன இடம், என்ன வலம்? வெளிச்சம் இல்லை, கண்ணுக்கு வேலையே இல்லை. பிறந்து வளர்ந்த தெரு மனதில் இருக்கிறது. இரண்டு வரிசையும் பத்திரமாக இருக்கின்றன என்பதற்கு அவர் திரும்பி நடந்ததே சாட்சி. ஆனாலும் நடக்கும்போது இடப்பாதி கிடைப்பதில்லை, சொந்த வீடு உட்பட. பார்ப்பதற்கும் நினைத்துப் பார்ப்பதற்கும் உள்ளே ஒரே மேடைதான் போலிருக்கிறது. அந்த மேடையில் பாதி விளக்கு அணைந்திருந்தது. நான் அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றபடி, இத்தனை வருடம் நான் பரிசோதித்தது வாசல் கதவைத்தான் என்று உணர்ந்தேன். வீட்டுக்குள் நான் போனதே இல்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பயமாகவும் இருந்தது.

“எதிர்வரிசையை முதல்ல சொல்லலையே மாமா?” என்று கேட்டேன்.

“நீங்க அதைக் கேக்கவே இல்லையே,” என்றார் சாதாரணமாக. பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை நான் கேட்கவில்லை. மூளை அங்கேயும் பூச்சு வேலையை முடித்துவிட்டது.

இனிதான் சிக்கல். மூளைக்குள் ஏதோ நடந்திருக்கிறது. எப்போது நடந்தது, மறுபடி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. சொல்ல நான் டாக்டரும் இல்லை. டாக்டரோ ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார், வெளியே வர மத்தியானம் ஆகும். மூளைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஜாடையாகச் சொன்னேன். மாமா எழுந்துவிட்டார்.

“கண்ணாடிக்கு வந்தவனுக்கு மண்டைக்கு ஸ்கேனா? நன்னாருக்கு உங்க வியாபாரம். நான் கிளம்பறேன். குழந்தையை ஸ்கூல்லேருந்து அழைச்சிண்டு வரணும்.”

கையில் ஸ்கூட்டர் சாவி. இடப்பாதி உலகம் இல்லாத மனிதர் காவிரிப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு போகப்போகிறார், திரும்பி வரும்போது பேத்தியை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு. அவருக்கு எதுவும் குறையவில்லை. குறைந்தது தெரிந்தால் கவனமாக ஓட்டுவார். தெரியாத குறைக்கு எப்படிக் கவனமாக இருப்பது?

“மாமா, கண்புரை பாக்கறதுக்குச் சொட்டு மருந்து விட்டேன் இல்லையா? கண் பாப்பா விரிஞ்சிருக்கும். சாயங்காலம் வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. ரூல்,” என்றேன்.

கார்டாக இருந்தவர் அல்லவா, ரூல் என்றதும் உட்கார்ந்தார். குழந்தையை அழைத்துவரச் செல்வி பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது.

வராந்தாவில் செல்வியைத் தனியே பிடித்தேன். வண்டியில் இடிபாடு ஏதாவது உண்டா என்று கேட்டேன். வீட்டு வாசல் கேட்டை இரண்டு தடவை உரசிவிட்டார், இரண்டும் இடப்பக்கம் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்கூட்டருக்காக அழவில்லை என்று புரிந்தது.

“நான் வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூக்கிட்டு முசிறிக்குப் போறேன் மேடம். திரும்பி வரப்போறதில்ல. அவருகிட்டயும் போன்ல சொல்லிட்டேன்,” என்றாள். ‘அவர்’ என்றது கணவனை. அவன் வேலை பெங்களூரில். “கல்யாணமான புதுசுல மாமா என்கிட்ட பேசவே மாட்டாங்க. குழந்தை பொறந்தப்புறம்தான் மனசு மாறிச்சு. சாதம், சாத்தமுதுன்னு அவங்க சொல்ற ரசம் எல்லாம் மாமி பண்ணுவாங்க. காய்க்கறியும் கூட்டும் மட்டும் நான், கறியை அவங்க கறமதும்பாங்க. மாமாவே வாயைத் திறந்து, செல்வி கை பருப்பு உசிலி மாதிரி வராதுன்னு சொன்னாங்க மேடம். இப்ப ஒரு மாசமா நான் பண்ணினதைத் தொடறதே இல்ல. அப்படியே இலையோட மூடிடறாங்க. அது மட்டுமில்ல, எல்லார் முன்னாடியும், ‘இந்தாத்துல கறமதுன்னு ஒண்ணு பண்றதை விட்டுட்டேளா?’ன்னு கேக்கறாங்க. கண்ணு முன்னாடி வெச்சிருக்கேன், இல்லாத மாதிரி பேசறாங்க. என் கை பட்டது இன்னமும் தீட்டுன்னா நேரா சொல்லிடலாமே. ஏன் இப்படி அவமானப்படுத்தணும்?”

“மாமி என்ன சொல்றாங்க?”

“பழைய பிடிவாதம் திரும்ப வந்துடுத்து, நான் என்ன பண்ணட்டும்னு அழறாங்க.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “இலையில கறியை எந்தப் பக்கம் வைப்பீங்க?”

“எப்பவும் வைக்கிற இடம்தாங்க. இடது கைப்பக்கம் உப்பு, ஊறுகாய், அதை ஒட்டி கறி, கூட்டு. வலது கைப்பக்கம் பச்சடியும் இனிப்பும்.”

“இன்னிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கீங்களா?”

கொண்டுவந்திருந்தாள். மாமா வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நேரமாகும் என்று தெரிந்து கேரியரும் மடித்த இலையும் எடுத்து வந்திருந்தாள். இலை அவள் அப்பா தோட்டத்து இலை. காலையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்து உசிலி பண்ணியிருந்தாள். வெள்ளிக்கிழமை போகப்போகிறவள், அதுவும் இத்தனை அவமானத்துக்குப் பிறகு, வாழைப்பூ ஆய்கிறாள் என்றால் அவள் மனது போகவில்லை என்றுதானே அர்த்தம்? அவளிடம் எதையும் விளக்கவில்லை. வழக்கம் போலப் பரிமாறச் சொன்னேன்.

எங்கள் ஊழியர் சாப்பிடும் அறையில் ஒரு மேஜையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தோம். மாமா உட்கார்ந்தார். செல்வி இலையின் நுனி அவருக்கு இடப்பக்கம் வரும்படி போட்டாள். உப்பும் ஊறுகாயும் வைத்தாள். இடது மேல்பக்கம் உசிலியை ஒரு கைப்பிடி நிறைய வைத்தாள். கூட்டு, வலப்பக்கம் பச்சடி, நடுவில் சாதம், பருப்பு, நெய். மாமா இலையைச் சுற்றி நீர் தெளித்துப் பரிசேஷணம் செய்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் எதிரில் நின்று பார்த்தேன். பச்சடி தீர்ந்தது. சாதத்தின் வலப்பாதி தீர்ந்தது. வெட்டி எடுத்தது போல நடுவில் கோடு விழுந்து, இடப்பாதிச் சாதம் நெய் மினுக்கோடு அப்படியே நின்றது. கை கோட்டைத் தாண்டவில்லை. இலையைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

“சாதம் போடு,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பாத்தேளா? இதான் எங்காத்து நிலவரம். வெறும் பச்சடியைத் தொட்டுண்டு சாப்பிடணும். கேட்டா அழுவா.”

செல்வி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உசிலி வைத்தபடியே இருந்தது.

என்ன செய்வது என்று ஒரு கணம் திகைத்தேன். ‘இடப்பக்கம் பாருங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். காலையில் பலகையில் சொல்லிப் பார்த்தாயிற்று. இடப்பக்கம் என்பதே இல்லாதவருக்கு அதைச் சொல்லி என்ன பயன்? வாதம் செய்தால் அவர் எழுந்துவிடுவார், சாயங்காலம் வண்டியை எடுத்துவிடுவார், வெள்ளிக்கிழமை இவள் போய்விடுவாள். நான் கையை நீட்டி, இலையை இரண்டு ஓரங்களிலும் பிடித்து, அப்படியே அரைவட்டம் திருப்பினேன்.

“ஐயையோ! என்ன பண்றேள்?” என்று பதறினார். “சாப்பிடற இலையைத் திருப்பலாமா? நுனி வலப்பக்கம் வரலாமா? நீங்கள்லாம்...”

அதோடு நின்றுவிட்டது பேச்சு. கண் இலையில் நிலைத்திருந்தது.

“இது எங்கேருந்து வந்தது?”

அவர் உசிலியை விரலால் தொட்டுப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். மிச்சச் சாதத்தைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, தானே இலையைப் பிடித்துப் பழையபடி திருப்பினார். வெறும் இலையைத் தேடுகிறவர் போல அதை வெறித்தார். எனக்குப் புரிந்தது, உசிலி மறுபடி போய்விட்டது. இன்னொரு முறை திருப்பினார். வந்துவிட்டது.

நான் என் தொழிலில் எத்தனையோ பேர் கட்டு பிரித்ததும் பார்வை பெறுவதைப் பார்த்திருக்கிறேன். அது சந்தோஷம். இது வேறு. தன் உலகத்தில் பாதி இல்லை என்பதை ஒரு மனிதர், தன் கையாலேயே, வாழையிலையில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

“செல்வி,” என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. “அம்மா செல்வி, இத்தனை நாளும் நீ வெச்சிண்டுதான் இருந்தியா?”

“தினமும் வெச்சேன் மாமா,” என்றாள் சுவரைப் பார்த்தபடி.

அவர் உசிலியைக் கொஞ்சமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்று விழுங்கினார். இடது கையால் மடியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேஜையில் அவள் பக்கம் நகர்த்தினார். “எங்கே போய் ஸ்கேன் எடுக்கணுமோ, அழைச்சிண்டு போ,” என்றார். செல்வி அப்போதுதான் திரும்பினாள். அவள் அழுத அழுகையைப் பார்த்து எங்கள் வார்டு ஆயா ஏதோ துக்கச் செய்தி என்று ஓடிவந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஸ்கேன் ஆயிற்று. மூளையின் வலப்பக்கம், பின்னால் மேல்பகுதியில், சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. கையும் காலும் சரியாக இயங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதயத் துடிப்பு சீராக இல்லை என்பதையும் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து ரத்தக்கட்டி ஒன்று கிளம்பி மேலே போயிருக்கலாம், கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்தது பெரிதாக வந்திருக்கும் என்றார் நரம்பு டாக்டர். மருந்து ஆரம்பித்தார்கள். செல்வி வெள்ளிக்கிழமை முசிறிக்குப் போகவில்லை.

எங்கள் பெரிய டாக்டரிடம் அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பாராட்டுவார் என்று கொஞ்சம் ஆசை இருந்தது, மறைப்பானேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இலையில எந்தப் பக்கம் வெச்சாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டே பாரு, அதை எப்பவும் கேளு,” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நீங்களும் கேளுங்கள். வீட்டில் என்ன சண்டை என்று கேட்பது நம் வேலையில்லை என்று நினைக்காதீர்கள். மூளை தன் குறையைத் தானே மறைக்கிறது. மறைத்ததையும் மறைக்கிறது. அது ஒளித்துவைக்க முடியாத ஒரே இடம் கூட இருப்பவர்களின் மனவருத்தம். ‘வேண்டுமென்றே பார்க்காத மாதிரிப் போகிறார்’, ‘என்னை அலட்சியப்படுத்துகிறார்’ என்று ஒரு வீட்டில் புதிதாகப் புகார் கிளம்பினால், அவர் உண்மையிலேயே பார்க்கிறாரா என்று முதலில் பாருங்கள். நாம் கையில் வைத்திருக்கும் லென்ஸ் பெட்டியில் அதற்கு லென்ஸ் கிடையாது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமா வீட்டில் பேத்திக்குக் காது குத்தினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். செல்வியின் அம்மாவும் அப்பாவும் முசிறியிலிருந்து இலைக்கட்டோடு வந்திருந்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் பந்தியில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை என்று செல்வி என் காதில் சொன்னாள். அவள் அப்பா கூச்சத்தோடு ஓரமாக உட்காரப் போக, மாமா அவரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கூடத்தில் வரிசையாக இலைகள், எல்லா நுனியும் அவரவர் இடப்பக்கம் பார்த்து.

மாமாவுக்கு மருந்தும் பயிற்சியும் கொஞ்சம் பலன் கொடுத்திருந்தன. வண்டியை விட்டுவிட்டார். பேப்பர் படிக்கும்போது பத்தியின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்கேலை வைத்துக்கொண்டு, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்புவார். ஆனால் களைத்துப்போனால் பழைய கதைதான். அன்று காலையிலிருந்து சடங்கு, கூட்டம். நான் எதிர்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வலப்பாதி தீர்ந்தது. கை நின்றது. இலையை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கு இலை காலி.

பிறகு வலது கையால் இலையின் ஓரத்தைப் பிடித்து, நிதானமாக அரைவட்டம் திருப்பினார்.

“என்ன பண்றேள்! சம்பந்தி பக்கத்துல உக்காந்திருக்கார், பந்தியில இலையைத் திருப்பிண்டு?” என்று உறவுக்கார மாமி ஒருவர் குரல் எழுப்பினார்.

“இருங்கோ,” என்றார் மாமா. “செல்வி போட்டது அந்தப் பக்கம் இருக்கும்.”

இருந்தது. வாழைப்பூ உசிலி. ‘இருக்கு’ என்று அவர் சொல்லவில்லை, ‘இருக்கும்’ என்றார். அந்தப் பக்கம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. கண்ணும் மூளையும் சேர்ந்து இலை காலி என்று சத்தியம் செய்யும்போது, அதை ஒதுக்கிவிட்டு மருமகளை நம்பி அவர் இலையைத் திருப்பினார். பார்வையைப் பற்றி நான் தெரிந்துகொண்ட எல்லாவற்றையும்விட அது எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது.

பரிமாறிக்கொண்டு வந்த செல்வி அவர் இலைக்கு முன்னால் குனிந்தாள். இன்னொரு கரண்டி உசிலியை எடுத்தவள், எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு நொடி நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவருடைய இடப்பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். மாமா கையிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மறுபடி இலையைத் திருப்பினார்.